சென்சரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேன் கருவியில் பி0135 என்ற பழுதுக் குறியீடு வருகிறது, உடனே புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சர் போய்விட்டது என்று புதியதைப் பூட்டி விடுகிறார்கள். சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வாடகை வான் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது தாங்கக்கூடிய செலவல்ல. 2020இல் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் இங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயர் இறுகி, கனெக்டர் தளர்ந்த பழைய வாகனங்கள்.

பி0135 சொல்வது முதல் சென்சரைச் சூடாக்கும் ஹீற்றரின் மின்சுற்றில் கோளாறு என்பதை மட்டும்தான். அந்தச் சுற்றில் ஃபியூஸ், ரிலே, வயர், கனெக்டர், ஈசியு என்ற எஞ்சின் கணினி எல்லாம் அடங்கும். சென்சர் அவற்றில் ஒன்று. மலைநாட்டில் முதலில் கெடுவது பெரும்பாலும் வயர்தான். தோட்டப் பாதைக் கல்லில் அடிபட்டுக் கிளிப் உடைந்தால் வயர் தொங்கிப் புகைக்குழாயில் பட்டு உருகும். பனியும் மழையும் கனெக்டருக்குள் இறங்கிப் பின்களில் பச்சை பூக்கும். இரவில் லயத்தோரம் நிறுத்திய வாகனத்தின் வயரை எலி கடிக்கும்.

ஆகவே எஞ்சின் ஆறிய பிறகு சென்சரிலிருந்து கனெக்டர் வரை வயரைக் கையால் தடவிப் பாருங்கள். நான்கு வயர் சென்சரில் ஒரே நிறமுள்ள இரண்டும் பெரும்பாலும் ஹீற்றருக்கு உரியவை. டென்சோவில் பெரும்பாலும் அவை கறுப்பு, சிக்னல் நீலம், அதன் ஏர்த் வெள்ளை. பொஷ்ஷில் ஹீற்றர் வெள்ளை, சிக்னல் கறுப்பு, ஏர்த் சாம்பல். கறுப்புக்குக் கறுப்பு என்று ஒன்றின் சென்சரை மற்றதன் கனெக்டரில் முறுக்கிவிட்டால் 12 வோல்ட் சிக்னல் வயருக்குள் ஏறி ஈசியுவையே கெடுக்கலாம்.

கனெக்டரைக் கழற்றி, சென்சர் பக்கத்து ஹீற்றர் பின்கள் இரண்டுக்கும் இடையே மின்தடையை ஓமில் அளந்து பாருங்கள். டொயோட்டாவின் சாதாரண சென்சர்கள் பலவற்றில் 20 பாகை செல்சியஸில் 11 முதல் 16 ஓம் இருக்கும். நுவரெலியாக் காலைக் குளிரில் சற்றுக் குறையும். பிற்காலத்து வாகனங்களில் முன்பக்கம் வரும், காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் எயார்-ஃபுவல் சென்சரில் 2 முதல் 3 ஓம் வரைதான் காட்டும். அதைப் பார்த்து ஷோர்ட் (குறுஞ்சுற்று) என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. சிக்னல் பின்களுக்கு இடையே ஓம் அளக்கவே வேண்டாம், மீற்றர் செலுத்தும் மின்னோட்டம் சென்சரைப் பாதிக்கலாம்.

ஹீற்றர் நன்றாக இருந்தால் கோளாறு வாகனப் பக்கம். எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரின் சப்ளை பின்னுக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையே அளந்தால் பற்றரி வோல்ட் வர வேண்டும். ஆனால் மீற்றரை மட்டும் நம்ப முடியாது. பச்சை பூத்து மின்தடை ஏறிய இணைப்பும் மீற்றரில் 12 வோல்ட் காட்டும். ஹீற்றர் ஒரு அம்பியர் இழுக்கும்போதுதான் அது படுத்துவிடும். சப்ளை பின்னுக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையே 21 வாற் இண்டிகேற்றர் பல்பு ஒன்றைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் அந்த வயர் நல்லது, மங்கினால் அங்கேதான் பழுது. ஹீற்றரிலிருந்து ஈசியுவுக்குப் போகும் மற்ற வயரில் மட்டும் இந்தப் பல்பைப் பிடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்ரர் எரிந்துவிடலாம். அந்த வயருக்கு, பற்றரியைக் கழற்றி, ஈசியு கனெக்டரையும் எடுத்துவிட்டு இரு முனைக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழும், வயருக்கும் வாகனத்தின் பொடிக்கும் (உலோக உடலுக்கும்) இடையே 10 கிலோ ஓமுக்கு மேலும் இருக்கிறதா என்று பாருங்கள். அளக்கும்போதே வயரை அசைக்க வேண்டும். அசைக்கையில் அளவு துள்ளினால் அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

சிக்னலைச் சோதிப்பது எளிது. சாதாரண சென்சராக இருந்தால், எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் 2,500 சுற்றில் இரண்டு நிமிடம் பிடித்து வோல்ட்டைப் பாருங்கள். 0.1க்கும் 0.9க்கும் இடையே 10 விநாடியில் எட்டுத் தரமாவது ஏறி இறங்க வேண்டும். எப்போதும் 0.1இல் கிடந்தால், சென்சருக்கு முன்னால் மெனிஃபோல்ட் காஸ்கெற்றில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் வழியே இழுபடும் வெளிக்காற்றும் அதே அளவைக் காட்டும். இன்னொன்று, ரம்பொட இறக்கத்தில் காலெடுத்துக் கியரில் இறங்கும்போது ஸ்கேன் கருவியில் வோல்ட் பூச்சியத்துக்குப் போகும். அப்போது ஈசியு பெற்றோலையே நிறுத்தி வைத்திருக்கிறது, அது பழுதல்ல.

பழுதான வயரைப் பொருத்தும் விதத்திலும் கவனம் தேவை. பல சென்சர்கள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைத் தம் வயரின் இழைகளுக்கு இடையாலேயே எடுக்கின்றன. சென்சர் பக்கத்து வயரை ஈயம் வைத்து ஒட்டினாலோ கனெக்டரில் கிரீஸ் அப்பினாலோ அந்தக் காற்று அடைபட்டு அளவு தவறிவிடும். நசுக்கி இறுக்கும் கிரிம்ப் இணைப்பும் அதன் மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாயும்தான் சரி. பிறகு வயரைப் புகைக்குழாயில் படாமல் கிளிப் போட்டுக் கட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் ஒரு மல்டிமீற்றர், ஒரு பல்பு, அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்குக் கராஜில் தனியாகக் கூலி கேட்டால் சாரதிகள் மறுக்காமல் கொடுக்க வேண்டும். சோதிப்பதற்குக் கூலி கிடைக்காதபோதுதான் பாகத்தை மாற்றிக் கணக்கை முடிக்கும் பழக்கம் வளர்கிறது. புதிய சென்சருக்குச் சம்மதிக்கும் முன் ஹீற்றர் எத்தனை ஓம் காட்டியது, சப்ளை எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் எழுதித் தந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

வாகன மின்திருத்த வேலை செய்யும் சிலர்,
ஹட்டன்.