பொதிகை மலையில் கரடி உண்டா? புற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம், களக்காடு என மலையடிவாரத்தில் எங்கே ஒரு கரடி கண்ணில் பட்டாலும் மறுநாள் டீக்கடையில் இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. “நம்ம மலையில் ஏது கரடி? பன்றியைப் பார்த்துப் பயந்திருப்பான்” என்பது ஒன்று. “மலை உச்சியில் தீனி இல்லாமல் இறங்கி வந்துவிட்டது” என்பது இன்னொன்று. முதலாவது தவறு என்பது தெரிந்ததே. இரண்டாவதும் தவறுதான். “ஊருக்குள் புகுந்த கரடி” என்று பத்திரிகைகள் தலைப்பிடும்போது அந்தத் தவறுக்குத்தான் வலுச் சேர்கிறது.

தென்னிந்தியக் காடுகளில் இருப்பது ஒரே கரடி இனம். கறுத்த சடைமயிர், நெஞ்சில் லாடம்போல ஒரு வெள்ளைப் பட்டை. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் கிடையாது. உதடு நீளும், மூக்குத் துளைகளை மூடிக்கொள்ள முடியும். கறையான் தின்பதற்கென்றே அமைந்த வாய் இது. நகத்தால் புற்றை உடைக்கும், ஊதி மண்ணைத் தள்ளும், பிறகு பல்லில்லாத சந்து வழியே கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். சங்கப் பாட்டில் எண்கு என்ற பெயரில் வரும்போதும் இது புற்றைத் தோண்டிக்கொண்டும் இலுப்பைப் பூவைத் தின்றுகொண்டும்தான் இருக்கிறது. (‘ஸ்லாத் பேர்’ (sloth bear) என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து ‘சோம்பேறிக் கரடி’ என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1791-இல் நீண்ட நகத்தைப் பார்த்து, தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் வேறொரு பிராணியின் இனம் என்று தப்பாக எண்ணி வைத்த பெயர் அது. இந்தக் கரடி ஓடினால் மனிதன் முந்த முடியாது.)

இனி, அது எங்கே வாழும் என்று பாருங்கள். மேலே உள்ள ஈரக் காட்டிலும் திரியும். ஆனால் அதிகம் விரும்புவது 1,500 மீட்டருக்குக் கீழே உள்ள வறண்ட இலையுதிர் காட்டையும் முட்புதரையும் பொத்தை எனப்படும் பாறைக் குன்றையும்தான். புற்று நிறைய இருப்பது அங்கே. இலந்தை, கொன்றை, நாவல், அத்தி, நறுவிலி பழுப்பதும் அங்கே. பகலில் படுத்துக்கொள்ளப் பாறை இடுக்கும் உண்ணிச்செடிப் புதரும் வேண்டும், அவையும் அங்கேதான். ஆக, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் ஓரமும் அதை ஒட்டிய பொத்தைகளும் கரடியின் வீடே. இறங்கி வர வேண்டிய தேவை அதற்கு இல்லை. மாந்தோப்பும் பலாவும் வந்து நிற்பது அதன் வாசலில்.

இருக்கிறதா இல்லையா என்ற சண்டையைத் தீர்க்க வாட்ஸ்அப் படம் உதவாது. இருட்டில் எடுத்த படத்தில் காட்டுப்பன்றியும் கறுப்பு நாயும் கரடியாகத் தெரியும். ஒரு காலை நேரம் போதும், தடயம் தீர்த்துவிடும். முதலில் ஓடை மணலையும் வண்டிப்பாதைப் புழுதியையும் பாருங்கள். ஆடு மாடு மிதிப்பதற்கு முன், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால்தான் தடம் எடுப்பாகத் தெரியும். கரடியின் பின்கால் தடம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, சிறுவன் வெறுங்காலோடு நடந்ததுபோல இருக்கும். மனிதப் பாதத்தில் விரல்கள் சரிந்து இறங்கும். கரடிக்கு ஐந்தும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். முன்கால் தடம் அகலமாக, குதிகால் பதியாமல் இருக்கும். விரல்களுக்கு இரண்டு மூன்று விரற்கடை முன்னே நகக்குத்துகள் தனியாகத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்: விரலைப் பார்த்துவிட்டு நகக்குத்தைத் தேடாமல் விடுகிறார்கள். சிறுத்தைக்கு நான்கு விரல், நகம் பதியாது. கழுதைப்புலிக்கும் நாய்க்கும் நகம் பதியும், ஆனால் விரல் நான்கே. தளர்ந்த மணலில் எந்தத் தடமும் பெரிதாகிவிடும். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல், வரிசையாக நாலைந்து தடம் பாருங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தை வைத்து யாராலும் அளவு சொல்ல முடியாது.

தடம் கிடைக்காவிட்டால் புற்று. கரடி தோண்டிய குழி ஆழமாக, உள்ளே குறுகிக்கொண்டு போகும். சுவரில் இணைகோடுகளாக நகக்கீறல் இருக்கும், வாரிய மண் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். அழுங்கும் (உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புதின்னி) புற்றைத் தோண்டும், ஆனால் துளை சிறிது. காட்டுப்பன்றி புற்றைக் குடைவதில்லை, தரையை உழுததுபோலப் பரவலாகக் கிளறும். முள்ளம்பன்றி கிழங்கைத் தேடித் தோண்டும், கடித்த வேரோ உதிர்ந்த முள்ளோ பக்கத்தில் கிடக்கும்.

எச்சத்தைக் கையால் தொடாமல் குச்சியால் பிரித்துப் பாருங்கள். கரடி மென்று தின்பதில்லை. இலந்தைக் கொட்டையும் கொன்றை விதையும் முழுசாகவே வெளிவரும். பழமில்லாக் காலத்தில் கறையான் தலைகளும் மண்ணும் சேர்ந்திருக்கும். மரநாயின் எச்சத்திலும் விதை இருக்கும் என்பதால் குழப்பம் வரும். ஆனால் அது விரல் பருமன்தான், கரடியுடையது பெருங்குவியல். தேனடை உள்ள மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலும் நகக்கீறல் ஏறிப்போயிருந்தால் பிறகு சந்தேகமே வேண்டாம். ஒன்று மட்டும்: இதையெல்லாம் பட்டா நிலத்திலும் ஊர்ப் பாதையிலும் செய்யுங்கள். காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தானியங்கிக் கேமரா வைப்பது வனத்துறையின் வேலை.

கரடி முகத்தைக் குதறுவது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். கண்ணும் காதும் அதற்கு அவ்வளவு கூர்மையில்லை, மூக்குதான் கூர்மை. புற்றில் தலையை விட்டு உறிஞ்சும்போது தன் சத்தத்திலேயே நம் காலடி அதற்குக் கேட்காது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் வாடையும் தெரியாது. பத்தடியில் திடீரென்று நம்மைப் பார்த்ததும் பயந்து எழுந்து நின்று அடிக்கும். முதுகில் குட்டி இருந்தால் இன்னும் மோசம். எனவே விடியலிலும் அந்தியிலும் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாமல் பேசிக்கொண்டு போவதும், டார்ச்சோடு ஒரு கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு போவதும்தான் காப்பு. செல்போனில் காதை அடைத்துப் பாட்டுக் கேட்டபடி சைக்கிளில் போவது ஆபத்து. மரத்தில் ஏறித் தப்பலாம் என்பது வீண், அதற்கும் ஏறத் தெரியும். செத்தவன்போல மல்லாந்து கிடந்தால் விட்டுவிடும் என்ற பள்ளிக்கூடக் கதை பாதிதான் சரி: மல்லாந்தால் முகம் போய்விடும். மேலே பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, பிடரியில் இரு கைகளையும் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

கூடிநின்று விரட்டுவதால்தான் நிலைமை கெடுகிறது. நாலு பக்கமும் ஆள் நின்றால் கரடி ஓடப் பார்க்கும் வழி ஒரு ஆளின் மேலேதான் போகும். மயக்க ஊசி போட்டாலும் மருந்து பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கூச்சலிட்டுத் துரத்தினால் மயக்கம் தாமதமாகும், வெயிலில் ஓடிய உடம்பு சூடேறி விலங்கே செத்துப்போகலாம். பிடித்து வேறு காட்டில் விடச் சொல்வது சுலபம். ஆனால் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது, தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. அப்படியே பிடித்தாலும், தோப்பில் அழுகிக் கிடக்கும் பலாப்பழத்துக்கும் கோயிலில் விளக்குக்கெனத் திறந்து வைத்த எண்ணெய்க்கும் அடுத்த கரடி வரும். அந்தப் பழத்தைப் பொறுக்கிப் புதைப்பதும், எண்ணெயைப் பூட்டி வைப்பதும், வீட்டைச் சுற்றி உண்ணிப்புதரை வெட்டுவதும் ஊர்க்காரர்கள் கையில் உள்ளது.

பஞ்சாயத்துகளுக்கு ஒரு கோரிக்கை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் கரடி இரவில் விழுந்துவிடுகிறது. மூன்றடிச் சுவர் கட்டுங்கள். கட்டும் முன்பே விழுந்துவிட்டால், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வேடிக்கைக் கூட்டத்தை அப்புறப்படுத்துங்கள். அவர்கள் வந்து அகலமான ஏணியையோ கவைகள் உள்ள மரத்தையோ சாய்த்து வைத்தால், இருட்டியதும் பெரும்பாலும் தானே ஏறிப் போய்விடும்.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை கரடிச் செய்தி எழுதும்போது நேரம், இடம், அந்த இடம் காட்டெல்லையிலிருந்து எத்தனை மீட்டர், தடமோ எச்சமோ இருந்ததா என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வனவிலங்குத் தடயக் கணக்கெடுப்பில் ஈடுபடும் தன்னார்வலர்கள்,
அம்பாசமுத்திரம் வட்டம்.