சீட்டோடு ஆளும் வர வேண்டும்

அன்புள்ள ஆத்தா,

நீ போனில் சொன்னதை அம்மா ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். கூட வேலை பார்க்கிற பையனின் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் மேல் ஏறி உட்கார்ந்தாயாம், கால் கட்டைவிரல்தான் தரையில் பட்டதாம், அவன் "பேசாம ஸ்கூட்டி வாங்கிக்கோ" என்று சிரித்தானாம். உச்சிப்புளியில் இருபத்தெட்டு வருஷமாகக் குஷன் கடை வைத்திருப்பவன் மகளிடம் சொல்கிற பேச்சா இது? போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு அம்மா உனக்குப் பேண்ட் தைக்க எடுத்த அளவு நோட்டில் இருக்கிறது. உள்கால் 27 அங்குலம், மில்லிமீட்டரில் 686. எனக்கும் கிட்டத்தட்ட அதுதான், நீ என்னைத்தானே கொண்டிருக்கிறாய். கிளாசிக் சீட்டு உயரம் 805. கழித்துப் பார்த்துப் பயந்துவிடாதே. நீ ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும், ஷூ அடி ஒரு அங்குலம் கொடுக்கும், முன்பாதத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். சீட்டு தாழ்ந்த பைக்குகளில் மீட்டியார் 765, அவெஞ்சர் 737. அதிலெல்லாம் உனக்குக் கால் எட்டிவிடும். ஆனால் கால் வைக்கிற மிதிகட்டை முன்னால் தள்ளி இருக்கும். ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது கை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்.

கம்பெனிக் காகிதத்தில் எழுதாத ஒன்று சீட்டின் அகலம். டேங்க் பக்கம் சீட்டு அகலமாக இருந்தால் தொடை விரிந்து, காலின் நீளம் பக்கவாட்டில் போய்விடும். ஒரே உயரமுள்ள இரண்டு வண்டியில் ஒன்றில் பாதம் ஊன்றும், இன்னொன்றில் விரல்தான் படும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் உயரத்தைத் தொடுவதில்லை. ரெக்சினை உரித்து, தொடை உரசுகிற இரண்டு முன்முனையையும் ஹேக்சா பிளேடால் சீவுவேன். ஃபோம் புட்டு மாதிரி உதிரும். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். மேடு இருந்தால் கை சொல்லிவிடும். மேலே எடுப்பது மிஞ்சிப் போனால் ஒரு அங்குலம். அதற்கு மேல் எடுத்தால் அடித்தட்டு இடித்து, பரமக்குடி தாண்டுவதற்குள் இடுப்பு போய்விடும். ரெக்சினைத் திரும்ப அடிக்க ஸ்டெயின்லெஸ் பின்தான். நம்ம ஊர் உப்புக்காற்றுக்குச் சாதா பின் தாங்காது.

யாராவது "பின்னாடி ஷாக்கைக் குட்டையாக மாற்றித் தருகிறேன்" என்றால் தலையாட்டாதே. பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் குணம் மாறும், ஹெட்லைட் வானம் பார்க்கும், வேகத்தடையில் அடி தட்டும். இறங்கின வண்டிக்குச் சைடு ஸ்டாண்டும் நீளமாகிப் போய் வண்டி நிமிர்ந்தே நிற்கும். காற்றடித்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

காற்று என்றதும் ஒன்று. அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. ஆடி மாதம், சீட் தைத்த ஒரு புல்லட்டை டிரையல் பார்க்கிறேன் என்று பாம்பன் பாலத்துக்குக் கொண்டுபோனேன். முன்னால் போன வேன்காரன் புது ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்கப் பொசுக்கென்று நிறுத்திவிட்டான். நான் இடது காலை ஊன்றினேன். ரோடு ஓரம் சரிவாயிற்றே, நினைத்த இடத்தில் தரை இல்லை. வலப்பக்கமிருந்து கச்சான் காற்று வேறு தள்ளுகிறது. 195 கிலோ வண்டி மெதுவாக, மரியாதையாக, அப்படியே படுத்துவிட்டது. மீன் கூடையோடு வந்த இரண்டு பேர்தான் தூக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நிற்பதற்கு முன்பே கால் ஊன்றும் இடத்தைக் கண்ணால் பிடித்துவிடுவேன். ரோட்டு விளிம்பில் நிறுத்துவதில்லை. இடுப்பை இடப்பக்கம் லேசாக நழுவவிட்டால் இடது பாதம் முழுசாக ஊன்றும், வலது கால் பிரேக்கிலேயே இருக்கும். இரண்டு காலும் ஊன்றியே தீர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் போனால் மட்டும் கவனம், மணலில் காலும் புதையும், ஸ்டாண்டும் புதையும்.

அந்தப் பையன் வண்டியிலேயே இன்னொரு தடவை உட்கார்ந்து பார். ஷூ போட்டு, சீட்டின் முன்னால் நகர்ந்து. பிடித்திருந்தால் அதையே வாங்கு. வாங்கினால் சீட்டை மட்டும் கழற்றிப் பஸ்ஸில் போட்டுவிடாதே. உட்காருகிற ஆளைப் பார்க்காமல் நான் பிளேடு வைப்பதில்லை. தீபாவளிக்கு வரும்போது கையோடு கொண்டு வா. அதே வண்டி ஒன்று எப்படியும் கடை வாசலில் நிற்கும், அதில் மாட்டி உன்னை உட்கார வைத்துத்தான் கோடு போடுவேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு காயப்போட்டிருக்கிறாள். உனக்காம்.

இப்படிக்கு,
அப்பா