“பதினைஞ்சுல இங்க தண்ணி வந்துச்சா?”

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் டிசம்பர் மாதச் சென்னையைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். சபா கச்சேரி, மயிலாப்பூர்க் கோயில், மெரினா, தி.நகர்க் கடைகள் என்று எதையும் விடவில்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த ஊரில் மழையும் புயலும் என்ன செய்யும், வெளியூர்க்காரர்கள் எப்படித் தங்களைக் காத்துக்கொள்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 2ஆம் தேதி, சனிக்கிழமை காலை, பொதிகை எக்ஸ்பிரஸில் என் மாமியாரை அழைத்துக்கொண்டு எழும்பூரில் இறங்கினேன். துணைக்கு என் தம்பி. திங்கட்கிழமை அத்தைக்கு மூட்டு வலிக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கரணைப் பக்கம் நாள் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தோம். அத்தையால் படி ஏற முடியாது என்பதால் தரைத்தளம்தான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

புயல் வருவது தெரியாமல் இல்லை. டி.வி.யில் ‘மிக்ஜாம்’ என்று பெயர் சொல்லி, ஆந்திராவை நோக்கிப் போகிறது என்றார்கள். சரி, நமக்கில்லை என்று இருந்துவிட்டோம். அந்தப் புயல் 5ஆம் தேதி பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. அதற்கு முன் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெல்ல நகர்ந்துகொண்டே ஊரை முழுக்க நனைத்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு ஃபெஞ்சலும் அப்படித்தான். புதுச்சேரி அருகே கரை கடந்த புயலுக்குச் சென்னை விமான நிலையத்தை மூடவேண்டி வந்தது. கரை கடக்கும் ஊர் எது என்று மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு அதுவரை தெரியாது. தங்கியிருக்கும் மாவட்டத்துக்கு வானிலை மையம் என்ன நிற எச்சரிக்கை சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 செ.மீ., சிவப்பு என்றால் அதற்கும் மேல் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

4ஆம் தேதி விடியற்காலையில் கட்டிலுக்குக் கீழே வைத்த பை மிதந்தது. கரண்ட் இல்லை. மாடியில் குடியிருந்த அக்கா டார்ச்சோடு இறங்கி வந்து, “பதினைஞ்சுல இந்த ஜன்னல் வரைக்கும் ஏறுச்சும்மா, வீட்டுக்காரர் சொல்லலையா?” என்றார். அவரும் அவர் மகனும் என் தம்பியும் சேர்ந்து அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். வாழ்நாளில் பார்த்திராத எங்களை இரண்டு இரவு வைத்துக்கொண்டார் அந்த அக்கா. 6ஆம் தேதி மீனவர்கள் ஓட்டிவந்த படகில் வெளியே வந்தோம்.

அந்தத் தெருவில் ஒவ்வொருவருக்கும் 2015 வெள்ளம் எந்தச் சுவரில் எத்தனை அடி நின்றது என்று தெரிந்திருக்கிறது. ஆட்டோக்காரருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். பெட்டியோடு வந்து இறங்கிய எங்களுக்குத்தான் தெரியவில்லை. பள்ளிக்கரணை ஒரு சதுப்பு நிலம். தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், பிறகுதான் கடலைச் சேர்கிறது. புயலால் கடல் ஏறி நிற்கும்போது அந்தத் தண்ணீர் எளிதில் வடியாது. மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் வெள்ளம் நிற்பது அதனால்தான். இதெல்லாம் நான் ஊர் திரும்பிய பிறகு கற்றது.

ஆகவே சென்னையில் அறை எடுப்பவர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, “பதினைஞ்சுல இங்க தண்ணி வந்துச்சா? இருபத்திமூணுல வந்துச்சா?” என்று கேளுங்கள். அறை தருபவரிடம் மட்டும் கேட்காமல் எதிர்க்கடையிலும் கேளுங்கள். படி ஏற முடியாதவர்கள் கூட இருந்தால், முதல் நாளே மெதுவாக ஏற்றி முதல் மாடியில் தங்கவைத்துவிடுங்கள். கரண்ட் போனால் லிஃப்ட் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

கையில் ரொக்கம் வேண்டும். எங்களிடம் இருநூற்றுச் சொச்ச ரூபாய்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஃபோனில். சிக்னலும் இல்லை, சார்ஜும் இல்லை. மழை பெய்யும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் கூடாது. ஃபெஞ்சல் புயலன்று வடசென்னையில் ஏ.டி.எம்.முக்குப் பணம் எடுக்கப் போன ஒரு வெளிமாநிலத் தொழிலாளி மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். அவரும் நம்மைப் போல் வெளியூரிலிருந்து வந்தவர்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் மின்பெட்டி, விளக்குக் கம்பம், இரும்பு ஷட்டர் எதன் பக்கமும் போகாதீர்கள். மூடி இல்லாத பாதாளச் சாக்கடை எங்கே என்று உள்ளூர்க்காரர்களே தடுமாறும்போது நமக்கு எப்படித் தெரியும்? சுரங்கப்பாதையில் ‘மெதுவா போயிடலாம்’ என்று டிரைவர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லி இறங்கிவிடுங்கள்.

மருந்தை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப்போங்கள். அத்தைக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றதும் நான் பதறிய பதற்றம் கொஞ்சநஞ்சம் அல்ல. மாடி அக்கா ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்து அதில் இறக்கிக் காத்துக் கொடுத்தார். திறந்த குப்பி, அதிக வெயில் படாமல் இருந்தால், பெரும்பாலும் ஒரு மாதம்வரை தாங்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். உங்கள் மருந்துக்கு இது பொருந்துமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நடந்தவர்கள் சோப்புப் போட்டுக் காலைக் கழுவ வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

மெரினாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புயல் எச்சரிக்கை இருக்கும்போது அலை பார்க்கப் போவது கூடவே கூடாது. நல்ல நாளிலும் அந்தக் கடல் உள்ளே இழுக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த மணலில் நடந்தவர்களுக்கும் விளையாடிய பிள்ளைகளுக்கும் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் ஊருக்குள் ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சென்னை மாநகராட்சிக்கு 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றோடு தங்கும் இடத்தின் முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். உதவிக்கு ஆள் கிடைத்தபோதும் என் தம்பியால் தெருப் பெயரைச் சொல்ல முடியவில்லை. அது செத்துப்போன ஃபோனுக்குள் இருந்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுதிகளும் மருத்துவமனை அருகே அறை வாடகைக்கு விடுவோரும் 2015இல் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்று வாசலில் ஒரு கோடு போட்டு எழுதிவைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் கேட்க வேண்டும். அதோடு மழைக்கால முன்னெச்சரிக்கைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பரில் சென்னைக்குப் போகிறவர்கள் அக்டோபரில் டிக்கெட் எடுப்பார்கள். அதற்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்கரன்கோவில்.