மறைக்கல்வி ஆசிரியை ஒருவருக்கு: அந்தப் பொடியனைக் கேட்க விடுங்கள்

அன்பின் தங்கச்சி,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மறைக்கல்விக் கொப்பியின் கடைசிப் பக்கம், பென்சில் எழுத்து, இரண்டு கேள்விகள். "எல்லாத்துக்கும் விஞ்ஞானத்தில் காரணம் இருந்தால் கடவுள் எதுக்கு?" என்பது ஒன்று. "கொச்சிக்கடையில் குண்டு வெடிச்சபோது கடவுள் ஏன் தடுக்கவில்லை?" என்பது மற்றது. இரண்டாவதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு தரம் கோடு போட்டிருக்கிறான்.

உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்கு ஆயத்தமாகும் வகுப்பில் இப்படிக் கேட்டால் மற்றப் பிள்ளைகளும் குழம்பிவிடுவார்களே என்று பயப்படுகிறீர்கள். "விசுவாசத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லி இருத்திவிடுங்கள்" என்று ஒரு தாய் சொன்னாராம். அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பில் மறைக்கல்வி படிப்பிக்கிற வேறு பலருக்கும் இதே தலையிடி இருப்பதால், உங்களுக்கான பதிலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

சரியில்லை, தங்கச்சி. அப்படிச் சொல்வது பிள்ளைக்கும் நல்லதல்ல, திருச்சபையின் போதனையும் அல்ல.

பொரளையில் பீற்றர் பிள்ளை அடிகளார் 1954இல் தொடங்கிய அக்குவைனாஸ் நிறுவனத்தைக் கடந்து எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய புனித தோமஸ் அக்குவைனாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கி, 1274இல் இறக்கும்போது முடிக்காமலே விட்டுப்போன ஒரு பெரிய இறையியல் நூல் இருக்கிறது. அது தொடக்கநிலை மாணவருக்கானது என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். உங்கள் வகுப்புப் போன்றவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த நூலில் எந்த விஷயத்தை எடுத்தாலும் தன் கருத்தை அவர் முதலில் சொல்வதில்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதைத்தான் முதலில் எழுதுகிறார், அதுவும் எதிர்த்தரப்பே எழுதியிருந்தால் எவ்வளவு பலமாக எழுதியிருக்குமோ அவ்வளவு பலமாக.

"கடவுள் இருக்கிறாரா?" என்ற இடத்துக்கு வரும்போது, இல்லை என்பதற்கு இரண்டு வாதங்களை வைக்கிறார். அளவில்லாத நன்மையான கடவுள் இருந்தால் உலகத்தில் தீமை இருக்க இடமில்லையே, ஆனால் இருக்கிறதே என்பது ஒன்று. இயற்கையில் நடப்பதை இயற்கையாலும், மனிதர் செய்வதை மனித அறிவாலும் விருப்பத்தாலும் விளக்கிவிடலாமே, பிறகு கடவுள் எதற்கு என்பது மற்றது. கொப்பியை மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் பொடியன் எழுதிய அதே இரண்டும். தன் காலத்தின் மிகப் பெரிய கிறிஸ்தவ அறிஞர் தொடக்கநிலை மாணவருக்கு முன்னால் தானே எடுத்து வைத்த கேள்விகளைத்தான் நாம் வாய்மூடச் சொல்லப் பார்க்கிறோம்.

முதல் கேள்விக்கு அதிகம் பயப்படத் தேவையில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர் ஜோர்ஜ் லெமெத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. இன்று பெருவெடிப்பு என்று பிள்ளைகள் படிப்பதற்கு வித்திட்டவர் அவர். ஆனால் தன் கோட்பாட்டை எடுத்து "பார், படைப்பு நிரூபணமாகிவிட்டது" என்று யாரும் சொல்வதை அவர் விரும்பவில்லை. பௌதிகம் பௌதிகமாகவே இருக்க வேண்டும் என்று நின்றார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். ஆதியாகமத்தை விஞ்ஞானப் பாடப்புத்தகம் போல வாசிக்கும் ஆபத்தை அவருக்கு வெகு காலம் முன்பே, இன்றைக்கு ஏறக்குறைய 1,600 வருடங்களுக்கு முன்னர், புனித அகுஸ்தினாரும் கண்டிருந்தார். வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி அறிவுள்ள வேற்று மதத்தவர் முன்னால் கிறிஸ்தவன் ஒருவன் வேதத்தைக் காட்டிப் பிழையாக உளறினால், அவன் மட்டுமல்ல, வேதமே சிரிப்புக்கிடமாகும் என்று கடிந்து எழுதினார். இதைத் திருச்சபையே மறந்த காலமும் உண்டு. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலேயோவுக்கு 1633இல் தண்டனை கொடுத்தது அப்படி ஒரு மறதி. அதைப் பிழை என்று பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் வெளிப்படையாக ஒத்துக்கொள்ள 1992 ஆனது. பொடியன் இதைக் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தால் யூடியூபில் பார்த்துக்கொள்வான், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டான்.

விஞ்ஞானமும் ஒருவகை நம்பிக்கையில்தான் தொடங்குகிறது என்பதையும் அவனுக்குக் காட்டலாம். நான் பௌதிகவியல் படிப்பித்த காலத்தில் உயர்தர வகுப்பில் எளிய ஊசல் பரிசோதனை செய்விப்பேன். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நேரத்தை அளந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்க வேண்டும். 9.8 வர வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளைக்கு 9.1 வரும், இன்னொரு பிள்ளைக்கு 10.4 வரும். "இயற்கை இன்றைக்கு மாறிவிட்டது, சேர்" என்று எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தப் பிந்திவிட்டது, நூலின் நீளம் பிழை என்றுதான் தேடுவார்கள். உலகம் ஒழுங்குக்கு அடங்கியது, மனித அறிவுக்குப் பிடிபடக்கூடியது என்ற நம்பிக்கை அளவீட்டுக்கு முன்பே அங்கே இருக்கிறது. இதை வைத்துக் கடவுளை நிறுவிவிட்டேன் என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது, அது ஏன் நம் மூளைக்குப் பிடிபடுகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி, அதை ஊசலால் அளக்க முடியாது, அவ்வளவுதான். 1870இல், ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் படைப்பிலிருந்து மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே கடவுளை அறிய முடியும் என்று போதித்தது. விசுவாசத்துக்கும் பகுத்தறிவுக்கும் மெய்யான முரண்பாடு வர இயலாது, இரண்டையும் தந்தவர் ஒருவரே என்றும் அதே சங்கம் சொன்னது. "யோசிக்காதே, நம்பு" என்பது அந்தத் தாயாருக்குப் பக்தியாகத் தெரியலாம். திருச்சபை அந்த வழியை ஏற்கவில்லை.

தமத்திரித்துவத்தையோ (ஒரே கடவுள் மூன்று ஆட்களாய் இருப்பதையோ) மனுவுருவாதலையோ (கடவுள் மனிதரானதையோ) அறிவால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மைதான். அங்கே அறிவு தன் எல்லையைத் தானே காண்கிறது. ஆனால் அந்த எல்லை வரை நடந்து போனவனுக்குத்தான் அது எல்லை என்று தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அன்று சின்னஞ்சிறு பிள்ளைகள். திருத்தலத்துக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்த பிள்ளைக்கு இது புத்தகக் கேள்வியல்ல.

கடவுள் தீமையிலிருந்தும் நன்மையைக் கொண்டுவர வல்லவர், அதனால்தான் அதை அனுமதிக்கிறார் என்று அகுஸ்தினாரைக் காட்டிப் பதில் சொல்கிறார் அக்குவைனாஸ். தர்க்கத்தில் அதில் ஓட்டை இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் செத்தவீட்டில் அதைச் சொல்லக்கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சொல்லக்கூடாது. அந்த வகுப்பிலும் முதல் பதிலாகச் சொல்லாதீர்கள்.

"தேவ சித்தம்" என்பதையும் சொல்லாதீர்கள். அது பாதி உண்மையைக்கூட மூடிவிடும். முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகள் இருந்தும் பொறுப்பிலிருந்தவர்கள் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. எங்கள் சனங்கள் உண்மை வெளிவர வேண்டும் என்று வருடக்கணக்காக மெழுகுதிரியோடும் மனுவோடும் நின்றிருக்கிறார்கள். மனிதர் செய்ததையும் செய்யத் தவறியதையும் கடவுளின் கணக்கில் எழுதினால் அந்தச் சனங்கள் கேட்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். யார் செய்தான், யார் தெரிந்தும் சும்மா இருந்தான் என்று விடாமல் கேட்பது அறிவின் வேலை. கிறிஸ்தவனுக்கு அது கடமையும்கூட.

அதற்குப் பிறகும் கேள்வி மிச்சமிருக்கும். எச்சரிக்கையை மனிதர் கவனிக்கவில்லை சரி, கடவுள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார்? இந்த இடத்தில் வேதத்தில் யோபு நூலைத் திறவுங்கள். குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவர் அவர். யோபு கடவுளிடம் வழக்காடுகிறார், நியாயம் கேட்கிறார், பிறந்த நாளையே சபிக்கிறார். சிநேகிதர்களோ, ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் நீதியுள்ளவர் என்று அதிகாரம் அதிகாரமாகக் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். கடைசியில், 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில், கடவுளின் கோபம் யார்மேல் எரிகிறது? அந்தச் சிநேகிதர்மேல். என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுக்கு ஏன் துன்பம் வந்தது என்று கடவுள் அவரிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் கேட்டவர் பக்கம்தான் நின்றார். இந்த வசனத்தை வாசித்த பிறகு "கேட்காதே" என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு நா எழாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேள்விகளையும் அவனையே பலகையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதை முதலில் எடுங்கள். அந்த நாளைப் பற்றி வீட்டில் என்ன கதைப்பார்கள் என்று பிள்ளைகளைச் சொல்லவிட்டு, பிறகு யோபுவை வாசியுங்கள். "எனக்கும் முழுப் பதில் தெரியாது" என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வகுப்பு ஒன்றும் கலைந்துவிடாது. அக்குவைனாஸின் அந்தப் பகுதியை எளிய தமிழில் எழுதித் தருகிறேன், முதல் கேள்விக்கு உதவும். அந்தத் தாயார் மறுபடி வந்தால், வானதூதரிடம் மரியாளே "இது எப்படி நிகழும்?" என்று கேட்டதை லூக்கா முதலாம் அதிகாரத்தில் காட்டுங்கள். அதற்கும் சமாதானமாகாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், பூசை முடிந்ததும் நானே கதைக்கிறேன்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்