பொங்கலன்று மூன்று தடவை மாடிக்குப் போனவளுக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கலன்று உங்கள் வீட்டுக் கராஜில் பானை பொங்கியபோது நீ அங்கே இல்லை. மாடியில் இருந்தாய். அதற்கு முன்பு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு தடவை, ஆக மூன்று தடவை போனை எடுத்துக்கொண்டு மேலே போய் வந்தாய். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று சித்தி சமாளித்தார். மெடிசினுக்கு விண்ணப்பித்துவிட்டு, நேர்முக அழைப்பு வருமா என்று தை மாதத்தில் காத்திருக்கிற பிள்ளைக்கு வயிறு சரியாக இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பிறகு அந்த அன்ரி படியடியில் மறித்து, "என்ன பிள்ளை, ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மூன்று குளிர்காலம் சிரித்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே மறுபக்கம் மெயில் பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். உன் பெயரைப் போடாமல் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் போடுகிறேன், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வேறு மாடிகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

உனக்கு என் கதையின் முடிவு மட்டும்தான் தெரியும். 2017 ஒக்ரோபரில் முதல் தடவை விண்ணப்பித்தேன். நான்கு மருத்துவப் பள்ளிகள், நான்கிலிருந்தும் "வருந்துகிறோம்". அடுத்த ஆண்டு ஒரே ஒரு நேர்முகம். அதன் பிறகு காத்திருப்போர் பட்டியலில் யூலை வரை தொங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை கிடைத்தது. வீட்டில் இதை "விடாமுயற்சி" என்று சொல்கிறார்கள். உண்மை என்னவென்றால், மூன்று ஆண்டிலும் என் ஜீபீஏ, அதாவது பல்கலைக்கழகப் பாடங்களின் சராசரி, அதேதான், எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வின் புள்ளியும் அதேதான். முதல் ஆண்டு வேண்டாத ஆளும் மூன்றாம் ஆண்டு வேண்டிய ஆளும் ஏறக்குறைய ஒரே ஆள்.

இதைச் சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். அவர் 1983இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எடுத்தவர். மருத்துவபீடத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வெட்டுப்புள்ளி, அவருக்கு அதற்குச் சில புள்ளிகள் குறைவு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வார். வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் மருத்துவபீடம் என்பதையும் சொல்வார். அவருக்கு நடந்தது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன், ஆனால் அந்த அநியாயத்துக்கு ஒரு எண் இருந்தது. வெட்டுப்புள்ளி வந்த அன்றே தான் எங்கே நிற்கிறார் என்று அவருக்குத் தெரியும். உனக்கு அந்த எண் கிடைக்காது. ஒக்ரோபர் முதலாம் திகதி விண்ணப்பம் மூடியது, அதன் பிறகு உன் பக்கத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை, அந்தப் பக்கத்திலிருந்து சத்தமும் இல்லை. புள்ளி பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. எண் இல்லாத இடத்தில் நாங்களே ஒன்றை உண்டாக்கிவிடுவோம். "இன்னும் வரவில்லை" என்பதற்கே நீ இப்போது புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள். நான் விண்ணப்பித்த காலத்தில் ஜீபீஏக்கு 32 சதவீதம், எம்கேட்டில் கார்ஸ் என்கிற வாசிப்புப் பகுதிக்கு 32, ஒரு காட்சியைக் காட்டி நீ என்ன செய்வாய் என்று கேட்கிற காஸ்பர் தேர்வுக்கு 32, மேற்படிப்பு இருந்தால் மிச்சம் 4. சுமார் ஐயாயிரம் பேரை இப்படிக் கூட்டி வரிசைப்படுத்தி, மேலே உள்ள ஐந்நூற்றுச் சொச்சம் பேரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கத்தில் நிற்பவருக்கும் மறுபக்கத்தில் நிற்பவருக்கும் இடையே உள்ள தூரம் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும். கார்ஸில் ஒரு பந்தியைத் தவறாக விளங்கியிருந்தால் போதும். காஸ்பரில் உன் பதிலை வாசித்தவர் அன்று மத்தியானம் சாப்பிட்டாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். ஒவ்வொரு காட்சியையும் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துத் திருத்துவதற்குக் காரணமே அந்தச் சந்தேகம்.

இது என் கோபம் மட்டும் இல்லை, அவர்களுக்கும் தெரிந்த விஷயம். எம்எம்ஐ என்கிற, பல சிறு நேர்முகங்களை அடுத்தடுத்து வைக்கிற முறை எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா? அதே மக்மாஸ்ரரில்தான். 2004இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஒரே அறையில் ஒரு குழு ஒருவரை மதிப்பிட்டால், அந்தக் குழுவுக்குப் பிடித்தவரை அடுத்த குழுவுக்குப் பிடிப்பதில்லை. ஒரு கேள்வியில் பிரகாசிப்பவர் அடுத்த கேள்வியில் தடுமாறுகிறார். அதனால்தான் ஒரு நீண்ட நேர்முகத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு புது ஆளை உட்கார வைத்தார்கள். ஒருவரின் கண் போதாது என்று ஒத்துக்கொண்டதால் வந்த முறை அது. எனக்கு இடம் கிடைத்த 2020 வசந்தத்தில் கொரோனா வந்து நேர்முகங்களை நிறுத்தியபோது, மக்மாஸ்ரரில் முதல் நூறு பேருக்கு வரிசைப்படி இடம் கொடுத்துவிட்டு மிச்ச இடங்களைக் குலுக்கலில் கொடுத்தார்கள். என் நேர்முகம் வேறு இடத்தில் பெப்ரவரியிலேயே முடிந்திருந்தது. இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தால் என் கதை என்ன ஆகியிருக்குமோ.

குயின்ஸ் பல்கலைக்கழக விஷயத்துக்கு வருகிறேன், பொங்கலன்று சித்தப்பா அதற்குத்தானே பாய்ந்தார். 2024இல் அவர்கள் அறிவித்தது இதுதான்: ஜீபீஏ, எம்கேட், காஸ்பர் மூன்றிலும் குறித்த எல்லையைத் தாண்டிய எல்லாரையும் குலுக்கலில் போட்டு, அதில் வருபவர்களை எம்எம்ஐக்குக் கூப்பிடுவது. நூற்றுச் சொச்சம் இடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். "மெடிசின் என்ன சீட்டுக் குலுக்கலோ?" என்று சித்தப்பா கேட்டபோது எல்லாரும் தலையாட்டினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அந்தக் குலுக்கல் பிடித்திருக்கிறது. நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் மருத்துவ இடங்களைப் பெரும்பாலும் குலுக்கலில் கொடுத்தார்கள், அங்கே வைத்தியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தகுதியானவர்கள் இடங்களை விடப் பல மடங்கு இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளே யார் மேல் என்று எங்களால் பிரிக்க முடியாது என்று வாய்விட்டுச் சொல்கிற இடம் குயின்ஸ். மற்ற இடங்களிலும் குலுக்கல் இருக்கிறது, தசமப் புள்ளிக்குள் ஒளிந்திருக்கிறது. குயின்ஸிலிருந்து "இல்லை" வந்தால், சீட்டு விழவில்லை என்று போய்விடலாம். அதே "இல்லை" வேறு இடத்திலிருந்து வந்தால் ஏன் ஒரு கிழமை சாப்பிடாமல் கிடக்க வேண்டும் என்று எனக்கு அந்த நாட்களில் யாராவது கேட்டிருக்கலாம்.

நான் கிடந்தேன். முதல் குளிர்காலம், இரவு இரண்டு மணிக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்து திரும்பத் திரும்ப வாசிப்பேன். நான் செய்தவற்றைப் பட்டியலிட்ட பதிவுகளில் ஒன்றில் "வொலன்டியர்" என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதனால்தான் வரவில்லை என்று பத்து நாள் முழுமனதாக நம்பினேன். இன்னொரு நாள் வேலைக்குப் போகிற வழியில், மார்க்கம் வீதியில், பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் என்று போன் அடித்தது. காரை ஓரங்கட்டி, கை நடுங்கத் திறந்தால், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காத புத்தகத்துக்குத் தண்டப்பணம். ஐந்து டொலரும் சொச்சமும். அழுதேன், புத்தகத்துக்காக இல்லை.

இரண்டாம் ஆண்டு கொஞ்சம் புத்தி வந்தது. மெயில் சத்தத்தை நிறுத்தினேன். மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். காலையில் வந்த அழைப்பு மாலைக்குள் ஓடிவிடாது, நேர்முக நாளைத் தெரிவு செய்ய அவகாசம் தருவார்கள். முதல் கிழமை ஆறு மணிக்காக நாள் முழுக்கக் காத்திருந்தேன், அதுவும் நரகம்தான். இரண்டாம் கிழமை பரவாயில்லை. விண்ணப்பித்தவர்களின் வட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். "வெஸ்டர்ன் வந்துவிட்டது!!!" என்று ஒருவர் போட்டால் மற்ற எண்பது பேருக்கும் அன்றைய நாள் முடிந்தது. சில பள்ளிகள் எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பும், சில தவணை தவணையாக அனுப்பும், ஆகவே அவளுக்கு வந்தது என்பதிலிருந்து உன்னைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. அதைத் தெரிந்துகொண்டும் மனம் கணக்குப் போடும், அதனால் வெளியேறுவதே நல்லது.

இன்னொரு வேலையும் செய்தேன், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வரவில்லை என்றால்" என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். எந்த மாதம் எம்கேட் திரும்ப எடுப்பது, எந்த வேலையில் இருப்பது, யூலையில் விண்ணப்பம் மறுபடி திறக்கும்போது என்ன மாற்றுவது. அபசகுனம் என்று அம்மா அதைக் கழற்றி வைத்தார், நான் மறுபடி ஒட்டினேன், இரண்டு நாள் இப்படியே போனது. ஒட்டியிருந்த பிறகு எனக்கு நித்திரை வந்தது. உனக்கு ஒட்டத் துணிச்சல் இல்லையென்றால் எனக்கு அனுப்பு, என் வீட்டில் ஒட்டுகிறேன்.

அன்ரிமாருக்கு ஒரு வசனம் தயாராக வைத்திரு: "மே மாதம் இரண்டாவது செவ்வாய்தான் தெரியும் அன்ரி." பொய்யில்லை, ஒன்ராறியோப் பள்ளிகள் எல்லாம் இடம் கொடுப்பது அன்றைக்குத்தான். நேர்முகம் பற்றி அவர் கேட்டது உண்மைதான், ஆனால் ஒரு திகதி கிடைத்தவுடன் கேள்வி நின்றுவிடும். மே மாதம்வரை தப்பலாம்.

சித்தப்பாவிடம் நான் கதைக்கிறேன். குலுக்கலைப் பற்றி இல்லை, அதில் எனக்கு வெற்றி கிடைக்காது. 1983 பற்றிக் கேட்கப்போகிறேன். பெறுபேறு வந்த பிறகு அவர் என்ன செய்தார், யாரிடம் போனார், எத்தனை நாள் வீட்டில் கதைக்காமல் இருந்தார் என்று. அந்த எண்ணை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், அந்த நாட்களைப் பற்றி ஒரு தடவையும் சொன்னதில்லை. நீ பக்கத்தில் இரு.

ஞாயிறு மாலை ஐந்துக்கு வருகிறேன். அழைப்பு வரட்டும் என்று எம்எம்ஐ பழகாமல் இருக்காதே, வந்த பிறகு சில வாரங்கள்தான் இருக்கும். பத்துக் கேள்விகள் எழுதிக் கொண்டுவருகிறேன். இரண்டு நிமிடம் வாசி, எட்டு நிமிடம் கதை. சித்தி ஒரு கேள்விக்கு நடுவராக இருக்கட்டும், அவரை விடக் கண்டிப்பான ஆளை எந்தப் பள்ளியும் வைக்காது. நேரம் பார்க்க என் போன் போதும், உன்னுடையதை மாடியிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
அக்கா