நட்சத்திரம் ஒட்டினால் ஈடுபாடு வந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளியிலும் பணியிடத்திலும் ஈடுபாட்டை வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நட்சத்திர வில்லை, மாதத்தின் சிறந்த ஊழியர் பட்டம், நன்றிக் குறிப்பேடு என்று ஒரு பட்டியல் தந்திருந்தது. மூன்றுமே கெட்டவை அல்ல. ஆனால் எதை எப்போது, எப்படிச் செய்வது என்பதை விட்டுவிட்டதால், படித்த கையோடு தொடங்குகிறவர்கள் இருக்கிற ஆர்வத்தையும் கெடுத்துவிடக்கூடும்.

முதலில் நட்சத்திரம். உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் வண்ணப் பேனாக்களைப் பார்வையில் வைத்துக் கவனித்தபோது, முன்பே வாக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக, கெடுத்தது பேரம். பிள்ளை விரும்பிச் செய்கிற ஒன்றுக்கு விலை வைத்தால், விலை நின்றதும் செயலும் நின்றுபோகும். யாருக்குமே பிடிக்காத சலிப்பான வேலைக்குப் பரிசு அறிவிப்பதில் இந்த ஆபத்து இல்லை, கெடுவதற்கு அங்கே ஆர்வமே இல்லையே! மற்ற இடங்களில், முடிந்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு வரி போதும். ‘நன்று’ என்று எழுதுவதைவிட, ‘இரண்டாம் பத்தியை முன்னால் கொண்டுவந்ததும் வாதம் தெளிவாகிவிட்டது’ என்று எழுதினால், அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

நன்றிக் குறிப்பேடும் இப்படித்தான். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு வாரம் இரவுதோறும் அன்று நடந்த மூன்று நல்லவற்றை எழுதவேண்டும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதவேண்டும். அந்த ‘ஏன்’ தான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. அது போனால் மிஞ்சுவது வெறும் பட்டியல். இன்னொன்று, அதில் பங்கேற்றவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள். ஒரு வாரம் முடிந்தபின் யாரும் சொல்லாமலே தொடர்ந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது. இதை வீட்டுப்பாடமாக்கி மதிப்பெண் போட்டால், ஆசிரியருக்குப் பிடித்த மூன்று வாக்கியங்கள் நோட்டில் நிறையும்.

கட்டுரை தொடாமலே விட்டது வேலையின் அமைப்பை. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி சொல்லும் லயிப்பு நிலைக்கு, அதாவது நேரம் போவதே தெரியாமல் செயலில் ஒன்றிவிடுவதற்கு, இலக்கு தெளிவாக இருக்கவேண்டும், செய்வது சரியா என்று உடனுக்குடன் தெரியவேண்டும், சவாலும் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கவேண்டும். சவால் மிஞ்சினால் பதற்றம், திறமை மிஞ்சினால் சலிப்பு. வகுப்பில் கணக்கை முதலில் முடித்த மாணவருக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பது வழக்கம். அவரைப் பொறுத்தவரை அது தண்டனை, அடுத்த நாள் மெதுவாகவே போடுவார். ஒரே ஒரு கடினமான கணக்கைக் கொடுக்கலாம். திணறுகிறவருக்குக் கணக்கைப் படிகளாக உடைத்து, முதல் படி சரியா என்று அங்கேயே பார்த்துச் சொல்லவேண்டும். இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் விடைத்தாளால் லயிப்புக்கு உதவி இல்லை.

அலுவலகத்துக்கு, பணி ஈடுபாட்டை ஆராய்ந்த வில்லியம் கான் 1990இல் எழுதிய மூன்று நிபந்தனைகள் பொருந்தும். இந்த உழைப்புக்குப் பொருள் உண்டா, தவற்றை ஒத்துக்கொண்டால் தலை உருளாமல் இருக்குமா, முழுமனதாக இறங்க உடலிலும் மனத்திலும் தெம்பு மிச்சம் இருக்கிறதா? மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் மூன்றாவது நிபந்தனை விழுந்துவிடுகிறது. அங்கே மகிழ்ச்சிப் பயிலரங்கு நடத்தினால், அன்றைய வேலையும் மறுநாள் தலையில் ஏறும். ஆள் போடுங்கள், முடியாவிட்டால் கெடுவைத் தள்ளுங்கள். குறைந்தபட்சம் எதை முதலில் செய்வது என்ற முடிவையாவது அவரிடமே விடுங்கள்.

ஈடுபாட்டை அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணி ஈடுபாட்டை அளக்கும் வினாத்தொகுப்பான உட்ரெக்ட் அளவுகோலில் 17 கேள்விகள், சுருக்க வடிவில் 9. உற்சாகம், அர்ப்பணிப்பு, மூழ்குதல் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். மூழ்குதல் மட்டும் உயர்ந்திருந்தால் மகிழவேண்டாம், வேலையை விட முடியாமல் தவிக்கிறவரும் மூழ்கித்தான் இருப்பார். ஐந்தாறு பேரே உள்ள பிரிவின் சராசரியைத் தனியாக வெளியிடவும் கூடாது. யார் எதைக் குறித்தார்கள் என்று மேலாளர் ஊகித்துவிடுவார், அடுத்த ஆண்டு எல்லோரும் ஆறு வரையுள்ள அளவில் ஐந்தும் ஆறுமாகவே குறித்துவைப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர்