‘வோட்டர்புரூஃப்’ கிட் பற்றிய புகார்

அனுப்புநர்: நோர்வூட் பகுதி வாடிக்கையாளர் (பற்றுச்சீட்டின் பிரதி இணைப்பில் உள்ளது)
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் பிரிவு
பொருள்: அன்டனா கனெக்டர்களுக்கான கிட், அதனால் கெட்டுப்போன கேபிளுக்கு நட்டஈடு

ஐயா / அம்மணி,

கடந்த பெப்ரவரியில் உங்கள் கொழும்புக் கடையிலிருந்து கூரியரில் எடுத்த கிட்டைப் பற்றி எழுதுகிறேன். ஹாம் (பொழுதுபோக்கு) ரேடியோவின் அன்டனாவும் கேபிளும் சேரும் கனெக்டருக்குள் மழைத் தண்ணீர் போகாமல் சுற்றி மூடுவதற்கானது அது. விலை 4,850 ரூபா. பெட்டிக்குள் ஒரு சுருள் ரப்பர் டேப், ஒரு சிறிய சிலிக்கன் டியூப், எப்படிச் சுற்றுவது என்று படம் போட்ட தாள் ஒன்று. பெட்டி மேல் ‘100% வோட்டர்புரூஃப்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ரேடியோவிலிருந்து அன்டனாவுக்குப் போகும் 25 மீட்டர் ஆர்ஜி-213 கேபிளும், அதன் முனைகளில் பூட்டும் பிஎல்-259 கனெக்டர்களும் உங்களிடம்தான் வாங்கினேன்.

பிஎல்-259 தன்னளவில் தண்ணீர் தாங்காது என்று எனக்குத் தெரியும். ‘என்’ வகைக் கனெக்டரில் உள்ளே ரப்பர் வளையம் இருக்கும், இதில் இல்லை. அதனால்தானே கிட்டையும் சேர்த்து எடுத்தேன்.

மார்ச் மாத வெயிலில், நன்றாகக் காய்ந்த ஒரு நாள் பார்த்துக் கம்பத்தில் ஏறி, 9 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் அலைவரிசை அன்டனாவின் அடியில் கனெக்டரை முறுக்கினேன். உங்கள் தாள் சொன்னபடி முதலில் சிலிக்கன் பூசி, பிறகு டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றினேன். சுற்றும்போதே மனது ஒப்பவில்லை. லயத்துக் கூரைக்குத் தகரம் போடுகிறவரைக் கேட்டால்கூடச் சொல்வார்: கீழ்த் தகரம் முதலில், மேல் தகரம் அதன் மேல். அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். டேப்பும் அப்படித்தான். கீழிருந்து மேலே பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் கீழே பார்க்கும். மேலிருந்து இறங்கினால் விளிம்பெல்லாம் வானத்தைப் பார்த்து வாய் திறந்து நிற்கும். ஆனால் தாளின் அடியில் ‘இம்முறையைப் பின்பற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாது’ என்று எழுதியிருந்ததே, என்ன செய்ய? தேயிலைத் தொழிற்சாலையில் 22 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவன், என் புத்தியை மூட்டை கட்டி வைத்துவிட்டு உங்கள் தாளைக் கேட்டேன்.

மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாவிட்டால் வட்டவளையில் இருக்கும் யாரையாவது கேளுங்கள். ஜூனில் எஸ்டபிள்யூஆர் (அன்டனா ஏற்காமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டும் கணக்கு, 1 என்றால் மிக நல்லது) 1.3 இலிருந்து 3க்கு ஏறியது. ஜூலை முடிவில் தானாகவே 1.4க்கு இறங்கியது. சரி, காய்ந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். கண்டியில் இருக்கும் நண்பர்தான், “அண்ணே, உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு” என்றார். அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் கேபிளுக்குள் தூரம் போகப் போக, அனுப்பும் சக்தியையும் திரும்பி வரும் சக்தியையும் கேபிளே விழுங்கிவிடும். திரும்பி வருவது குறைந்தால் மீட்டர் நல்ல கணக்குக் காட்டும். கேபிள் செத்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் சிரிக்கிறது. மேல் முனையில் டம்மி லோட் (அன்டனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சாதனம்) போட்டுப் பார்த்தேன். 50 வாட் அனுப்பினால், நல்ல கேபிளாக இருந்தால் 30 வாட் அளவிலாவது மேலே போய்ச் சேர வேண்டும். 11 வாட்தான் போனது.

டேப்பை அறுத்து எடுத்தபோது வினாகிரி வாடை அடித்தது, ஐந்து மாதத்துக்குப் பிறகும். நீங்கள் கொடுத்த சிலிக்கன், காயும்போது அசற்றிக் அமிலம் விடும் வகை. குளியலறை மூலைக்கு அது சரி. பித்தளைக்கும் செம்புக்கும் பக்கத்தில் அதைக் கொண்டுவரக் கூடாது. அதற்கு அமிலம் விடாத வகை தனியாக இருக்கிறது. கனெக்டரின் திருகெல்லாம் பச்சைக் களிம்பு. கேபிளைச் சாய்த்தேன், ஒரு தேக்கரண்டி தண்ணீர் சொட்டியது. 30 சென்டிமீட்டர் வெட்டினேன், உள்ளே இருக்கும் செம்புக் கம்பிப் பின்னல் கறுப்பு. ஒரு மீட்டர் வெட்டினேன், கறுப்பு. ஆறு மீட்டர் வெட்டிய பிறகுதான் செம்பு நிறத்தைப் பார்த்தேன். அதற்கும் உள்ளே ஈரம் இல்லை என்று யார் சொல்வது? விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரித்தான் அந்தப் பின்னல் தண்ணீரை இழுக்கும்.

டேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் டேப் நல்லதுதான், இழுத்துச் சுற்றினால் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆனால் வெயில் படாமல் அதன் மேல் சாதாரண பிவிசி டேப் ஒரு சுற்று வேண்டும். அது பெட்டியிலும் இல்லை, தாளிலும் இல்லை.

அதே கம்பத்தில் ஓரடி தள்ளி என் பழைய டைபோல் அன்டனாவின் கனெக்டர் இருக்கிறது. அட்டனில் வாங்கிய டேப்பால், கீழிருந்து மேலாக நானே மூன்று வருடத்துக்கு முன் சுற்றியது. அதையும் திறந்து பார்த்தேன். உள்ளே பளபளவென்று, நேற்றுப் பூட்டியது போல.

உங்கள் பக்கமிருந்து தொலைபேசியில் பேசிய மிஸ் மிகவும் மரியாதையாகப் பேசினார், அவர் மேல் குறையில்லை. ஆனால் ‘உங்கள் பிரதேசத்தில் மழை அதிகம், அதற்கு உத்தரவாதம் இல்லை’ என்பது என்ன பதில்? மழை பெய்யாத ஊரில் இந்தக் கிட்டை யார் வாங்குவார்? அப்புறம், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வழிந்து வரும் தண்ணீர் வெளியே சொட்டிப்போகக் கீழ்நோக்கி வளைவு விட்டீர்களா என்று கேட்டார். விட்டிருக்கிறேன். மேலே 9 மீட்டரில் நுழைந்த தண்ணீருக்கு ஜன்னலருகே விட்ட வளைவு என்ன செய்யும்?

பொழுதுபோக்குக்குத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்த பிறகுதான் நான் ஹாம் ரேடியோ லைசன்ஸ் எடுத்தேன். மண் சரிந்து தொலைபேசிக் கம்பமும் கோபுரமும் விழுந்தால் எங்கள் தோட்டத்திலிருந்து வெளியே பேச இந்த ரேடியோ வேண்டும். அந்த நேரத்தில் 11 வாட்டோடு நான் நிற்க முடியாது.

கிட்டின் விலையையும் 25 மீட்டர் கேபிள், கனெக்டர்களின் விலையையும் திருப்பித் தாருங்கள். அந்தத் தாளையும் மாற்றுங்கள். வடகீழ் பருவமழை வந்தால் பண்டாரவளை, பதுளைப் பக்கம் இதே தாளைப் பார்த்துச் சுற்றியவர்கள் என்னைப் போலவே கம்பம் ஏறி இறங்கப் போகிறார்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன்.

வெட்டிய கனெக்டரையும் முதல் ஒரு மீட்டர் கேபிளையும் இத்துடன் அனுப்புகிறேன். மீதி ஐந்து மீட்டர் என்னிடம் இருக்கிறது, ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நோர்வூட் வாடிக்கையாளர்